அடுத்து எந்த நாவல்? அறிபுனை (அறிவியல் புனைகதை), ஃபேண்டஸி வாசகர்கள் எப்படித் தேடிப் பிடிக்கிறீர்கள்?

வைகைக்கரை
வெள்ளி, இரவு 10.15

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வருடமாக உறுத்திக்கொண்டிருக்கும் விஷயம் ஒன்றைக் கேட்கிறேன்.

பள்ளியில் படிக்கும்போது வாடகை நூலகத்தில் 'என் இனிய இயந்திரா' கிடைத்தது. பின்னட்டையே இல்லாத பிரதி. ஜீனோ என்ற இயந்திர நாய் பேசும் இடங்களையெல்லாம் இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் அடுத்த பக்கம் போவேன். அன்று பிடித்த ஆசை இன்னும் விடவில்லை. கல்லூரி முடித்த பிறகு ஆங்கிலத்திலும் படிக்க ஆரம்பித்தேன். மிகவும் பிடித்தவை மூன்று: ஏட்ரியன் சைக்கோவ்ஸ்கியின் 'சில்ட்ரன் ஆஃப் டைம்', லியூ சிஷினின் 'த த்ரீ-பாடி ப்ராப்ளம்', உர்சுலா லெ குவினின் 'த லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்'.

கடந்த ஒரு வருடத்தில் ஒன்பது நாவல்கள் வாங்கினேன். முடித்தது இரண்டுதான். மீதி ஏழும் நடுவில் பஸ் டிக்கெட் சொருகியபடி அலமாரியில் நிற்கின்றன. எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நட்சத்திர மதிப்பீடு நாலுக்கு மேல் இருக்கிறதா, 'கட்டாயம் படிக்க வேண்டிய ஐம்பது' மாதிரிப் பட்டியல்களில் வருகிறதா, செயலி பரிந்துரைக்கிறதா என்று பார்த்தேன். மூன்றும் சுற்றிச் சுற்றி அதே பத்துப் புத்தகங்களைத்தான் காட்டுகின்றன. நீங்கள் எல்லோரும் எப்படித் தேடுகிறீர்கள்? புத்தகப் பெயர்களைவிட வழியைச் சொன்னால் ரொம்ப உதவியாக இருக்கும்.


நூலகப்பூனை
வெள்ளி, இரவு 11.02

வைகைக்கரை, பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு கேள்வி. அந்த மூன்று நாவல்களில் எந்தெந்த இடம் பிடித்தது? 'கதை நன்றாக இருந்தது' என்று சொல்லாமல், உங்களைத் தூங்கவிடாமல் செய்த பக்கம் எது என்று சொல்லுங்கள். அதே மாதிரி, எந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டினீர்கள்?

நான் சிங்கப்பூரில் நூலகத்தில்தான் பெரும்பாலும் எடுத்துப் படிக்கிறேன். யாராவது புத்தகம் கேட்டு வந்தால் நூலகர் முதலில் கேட்பது இதைத்தான். விசித்திரமாகத் தோன்றும், ஆனால் பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.


வைகைக்கரை
சனி, காலை 7.20

நல்ல கேள்வி. ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்துப் பார்த்தேன்.

'சில்ட்ரன் ஆஃப் டைம்'இல் சிலந்திகள் வரும் பகுதி முழுக்க. குறிப்பாக, அவை எறும்புக் கூட்டங்களை வாசனையால் பழக்கிக் கணக்குப் போட வைப்பது. கப்பலில் மனிதர்கள் சண்டை போடும் அத்தியாயங்களை வேகமாகத்தான் புரட்டினேன். 'த்ரீ-பாடி'யில் மூன்று சூரியன்கள் கொண்ட உலகம் வரும் அந்தக் கணினி விளையாட்டு. அதில் சீனப் பேரரசரின் மூன்று கோடிப் போர்வீரர்கள் கையில் கொடி பிடித்து நின்று ஒரு கணினியாகவே மாறுவார்களே, அந்த இடம். லெ குவினில் அந்தப் பனிப்பாலைப் பயணம். ஆணுமில்லாத பெண்ணுமில்லாத ஒருவரோடு ஒரே கூடாரத்தில் நாள்கணக்காக இருந்து, மெல்ல மெல்ல அவரைப் புரிந்துகொள்வது.

எழுதும்போதே ஒன்று புரிகிறது. மனிதர் அல்லாத மனம், அல்லது நம்முடையது மாதிரி இல்லாத உடம்பு, அதை எட்டிப் பிடிக்கும் முயற்சி. மூன்றிலும் எனக்குப் பிடித்தது இதுதான். நான் வாங்கிய ஒன்பதில் ஆறு விண்வெளிப் போர் நாவல்கள்!


நூலகப்பூனை
சனி, காலை 9.48

இதைத்தான் எதிர்பார்த்தேன். 'அறிபுனை பிடிக்கும்' என்று சொன்னால் செயலி எல்லோரும் வாங்குவதைத்தான் நீட்டும். 'மனிதரல்லாத மனத்தைப் புரிந்துகொள்ளும் கதை வேண்டும்' என்று சொன்னால் என்னால் இப்போதே இரண்டு சொல்ல முடியும்.

ஒன்று, ரே நெய்லர் எழுதிய 'த மவுண்டன் இன் த சீ'. 2022இல் வந்தது. வியட்நாமின் கோன் தாவோ தீவுகளில் ஆக்டோபஸ்கள் தங்களுக்குள் ஒரு மொழியை உண்டாக்கியிருக்கின்றன என்ற சந்தேகம் எழுகிறது. அதை ஆராய ஒரு பெண் விஞ்ஞானி போகிறார்.

இன்னொன்று பழையது, ஸ்தானிஸ்லாவ் லெம்மின் 'சோலாரிஸ்', 1961. ஒரு கிரகம் முழுக்கக் கடல், அந்தக் கடலே உயிருள்ளது. மனிதர்கள் அதைப் புரிந்துகொள்ள முடியாமல் தோற்பதுதான் கதை. வாங்கும்போது மொழிபெயர்ப்பாளர் பெயரைப் பாருங்கள். பல காலம் ஆங்கிலத்தில் இருந்தது பிரெஞ்சு வழியாக வந்த மொழிபெயர்ப்பு. போலிஷிலிருந்து நேரடியாக பில் ஜான்ஸ்டன் செய்தது 2011இல்தான் வந்தது.

அப்புறம், எல்லாவற்றையும் வாங்காதீர்கள். இங்கே தேசிய நூலக வாரிய அட்டை இருந்தால் லிப்பி செயலியில் மின்னூலாகவே எடுக்கலாம். நான் மாதம் ஆறேழு எடுத்து, அதில் இரண்டைத்தான் முடிக்கிறேன். காசு போகவில்லை என்பதால் பாதியில் வைப்பதில் எனக்கு வருத்தமே இல்லை.


அரைப்பக்கம்
சனி, பகல் 12.30

பட்டியல்களையும் விருதுகளையும் அப்படியே ஒதுக்கிவிடாதீர்கள் என்று சொல்லத்தான் வந்தேன். விருது என்று பொதுவாகச் சொல்கிறோம், ஆனால் ஒவ்வொன்றையும் கொடுக்கும் ஆட்கள் வேறு. அது தெரிந்தால் பட்டியல் நல்ல கருவி.

ஹியூகோ 1953இலிருந்து கொடுக்கப்படுகிறது. உலக அறிபுனை மாநாட்டின் உறுப்பினர்கள், அதாவது வாசகர்கள் வாக்களிக்கிறார்கள். நெபுலாவுக்கு எழுத்தாளர்களே வாக்களிக்கிறார்கள். பிரிட்டனின் ஆர்தர் சி. கிளார்க் விருதுக்கு ஒரு சிறு நடுவர் குழு உட்கார்ந்து படித்துத் தேர்ந்தெடுக்கிறது. மூன்றுக்கும் மூன்று ருசி. என் அனுபவத்தில் கிளார்க் விருதின் இறுதிப் பட்டியலில் வரும் ஆறு நாவல்கள்தான் அந்த வருடத்தின் மிக விசித்திரமான நாவல்கள். நீங்கள் சொன்ன 'சில்ட்ரன் ஆஃப் டைம்' 2016இல் வாங்கியது இந்த விருதைத்தான்.

வென்ற புத்தகத்தைத்தான் எல்லாச் செயலியும் தூக்கிக் காட்டுமே. நான் பார்ப்பது தோற்ற ஐந்தை. 2024 இறுதிப் பட்டியலில் லாவண்யா லட்சுமிநாராயணின் 'த டென் பர்சென்ட் தீஃப்' இருந்தது. ஒருகாலத்தில் பெங்களூராக இருந்த ஒரு நகரம். அதில் மக்களை உற்பத்தித் திறனை வைத்து அளந்து, மேலே 20 சதவீதம், நடுவே 70, கீழே 10 என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். கீழே விழுந்தால் நகரத்தை விட்டே வெளியே. ஒவ்வொரு அத்தியாயமும் வேறொரு ஆளின் கதை. ஆண்டு மதிப்பீட்டுக் கூட்டத்தில் ஊழியர்களைத் தரம் பிரிக்க எங்கள் மேலாளர் திரையில் காட்டும் அதே மணிவடிவ வளைகோடு! படித்துவிட்டு மறுநாள் அலுவலகம் போகவே ஒரு மாதிரி இருந்தது.

இன்னும் ஒன்று, அதிகம் பேருக்குத் தெரியாதது: லெ குவின் பெயரில் 2022இலிருந்து ஒரு பரிசு தருகிறார்கள். முதல் வருடம் அதை வாங்கியது கென்யாவைச் சேர்ந்த கதீஜா அப்தல்லா பஜாபரின் 'த ஹவுஸ் ஆஃப் ரஸ்ட்'. மொம்பாசாவில் ஒரு மீனவரின் மகள், கடலில் காணாமல் போன அப்பாவைத் தேடி எலும்புகளாலான படகில் போகிறாள். துணைக்கு ஒரு பேசும் பூனை. எந்த 'ஐம்பது' பட்டியலிலும் நான் இதைப் பார்த்ததில்லை.


கடைசிவரிசை
சனி, மாலை 4.05

அரைப்பக்கம் சொல்வதில் பாதிக்கு உடன்படுகிறேன். விருதை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2023 சாட்சி. சீனாவின் செங்டு நகரில் நடந்த மாநாட்டின் ஹியூகோவில் ஆர்.எஃப். குவாங்கின் 'பேபல்' தகுதியற்றது என்று எந்தக் காரணமும் சொல்லாமல் விலக்கப்பட்டது. 2024 ஜனவரியில் வாக்கு விவரம் வெளியான பிறகுதான் ஊருக்கே தெரிந்தது. அதே நாவல் அந்த வருடம் நெபுலா வாங்கியிருந்தது.

என் வழி சிறுகதை. பன்னிரண்டு வருடமாக இப்படித்தான். ஒரு நாவல் பிடிக்குமா என்று தெரிய எனக்கு நூறு பக்கமும் மூன்று நாளும் வேண்டும். அதே எழுத்தாளரின் சிறுகதையைப் படிக்க அரை மணி போதும். கிளார்க்ஸ்வேர்ல்ட் (2006இலிருந்து), ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ் (2000இலிருந்து) ஆகிய அறிபுனை இதழ்கள் இரண்டும் இணையத்தில் இலவசம். மதிய உணவு இடைவேளையில் ஒரு கதை. பிடித்தால் எழுத்தாளர் பெயரைக் குறிப்பேட்டில் எழுதி வைப்பேன். அவ்வளவுதான். அவர் நாவல் எழுதும்போது நான் தயாராக இருப்பேன்.

நூலகப்பூனை சொன்ன ரே நெய்லர் என் குறிப்பேட்டில் அப்படி ஏறியவர்தான். பல வருடம் இதழ்களில் சிறுகதை எழுதிவிட்டுத்தான் அந்த முதல் நாவலுக்கு வந்தார். கென் லியூவும் அப்படித்தான். 'த பேப்பர் மெனாஜெரி' என்ற கதை, அம்மா மடித்துத் தரும் காகித விலங்குகளுக்கு உயிர் வரும். சில பக்கங்கள்தான், படித்து முடித்து அம்மாவுக்குப் போன் செய்தேன். ஹியூகோ, நெபுலா, வேர்ல்ட் ஃபேண்டஸி விருதுகள் மூன்றையும் வாங்கிய முதல் கதை அது. அந்தக் கதையிலிருந்துதான் அவருடைய நான்கு பாக ஃபேண்டஸித் தொடருக்குப் போனேன்.

வைகைக்கரை, நீங்கள் கென் லியூவை ஏற்கெனவே படித்துவிட்டீர்கள். 'த்ரீ-பாடி'யை ஆங்கிலத்தில் தந்தவர் அவர்தான். சீன நூலில் நடுவே ஒளித்து வைத்திருந்த பண்பாட்டுப் புரட்சி அத்தியாயங்களை ஆசிரியர் முதலில் நினைத்தபடியே தொடக்கத்துக்குக் கொண்டுவந்தது ஆங்கிலப் பதிப்பு. மொழிபெயர்ப்பாளரைப் பின்தொடர்வதும் ஒரு வழி. அவர் தொகுத்த 'இன்விசிபிள் பிளானட்ஸ்' எடுத்தால் ஒரே புத்தகத்தில் ஏழு சீன எழுத்தாளர்கள் அறிமுகமாகிவிடுவார்கள்.


தாமிரபரணி
சனி, இரவு 8.40

தம்பிமார்களே, தங்கைமார்களே, நான் ஃபேண்டஸி வாசகன். வயது 61. நாற்பது வருடமாகப் 'பொன்னியின் செல்வ'னை இரண்டு வருடத்துக்கு ஒரு முறையாவது எடுத்துவிடுவேன். வந்தியத்தேவன் குதிரை வீராணம் ஏரிக்கரையில் வரும்போது இன்றும் மனசு அப்படியே போய்விடும்.

ஓய்வு பெற்ற பிறகு மகள் ஒரு டிராகன் புத்தகம் வாங்கித் தந்தாள். எனக்கு ஒட்டவில்லை. மந்திரமா எனக்கு வேண்டும்? எனக்கு வேண்டியது அரண்மனை, ஒற்றர்கள், இரண்டு விசுவாசத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்ட மனிதர்கள். நூலகப்பூனை கேட்ட மாதிரி யாராவது அன்றைக்கே என்னைக் கேட்டிருந்தால் மூன்று வருடம் மிச்சமாகியிருக்கும்.

கடைசியில் கிடைத்தவர் கனடாவின் கை கேவ்ரியல் கே. இளைஞராக இருந்தபோது, 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீனின் 'சில்மரில்லிய'னைத் தொகுக்க அவர் மகனுக்கு உதவியவர். பிறகு தனக்கென்று ஒரு பாதை போட்டுக்கொண்டார். உண்மை வரலாற்றை எடுத்து, அதற்குக் கால்வாசி கற்பனைத் திருப்பம் கொடுத்து வேறு பெயரில் எழுதுவார். 'த லயன்ஸ் ஆஃப் அல்-ரஸான்' (1995) முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் யூதர்களும் சேர்ந்து வாழ்ந்த பழைய ஸ்பெயினின் சாயல். வானத்தில் இரண்டு நிலா, மற்றபடி மந்திரம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. எதிரெதிர் அணியில் இரண்டு வீரர்கள், இருவரும் நல்லவர்கள், ஒருவரை ஒருவர் நேசிப்பவர்கள், இருவருக்கும் நடுவில் ஒரு பெண் மருத்துவர். கடைசி ஐம்பது பக்கத்தை என்னால் உட்கார்ந்து படிக்க முடியவில்லை. திண்ணைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே படித்தேன்.

பாதியில் வைப்பது பற்றி ஒரு விதி சொல்கிறேன். சியாட்டிலில் நான்சி பேர்ல் என்ற நூலகர் சொன்னது. எந்தப் புத்தகத்துக்கும் ஐம்பது பக்கம் கொடு. உனக்கு ஐம்பது வயதுக்கு மேல் என்றால் நூறிலிருந்து வயதைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் கொடு. என் கணக்கில் 39. தாராளமாகப் போதும்.


கொக்குவில்காரன்
ஞாயிறு, காலை 6.55

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப வேலை கொழும்பில். ஆர்தர் சி. கிளார்க்கின் பெயர் வந்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அவர் 1956இல் இலங்கைக்கு வந்து 2008இல் இறக்கும்வரை இங்கேயே இருந்தவர். 'த ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' நாவலில் பூமியிலிருந்து விண்வெளிக்கு மின்தூக்கி கட்டும் தீவு இலங்கையின் சாயல்தான். ஹியூகோவும் நெபுலாவும் கிடைத்தது. சின்ன வயதில் வாசிகசாலையில் அதை எடுத்து வாசித்தபோது, இந்தத் தீவை வெளியிலிருந்து வந்த ஒருவர்தான் இப்படி எழுத வேண்டியிருக்கிறதே என்று ஒரு ஏக்கம் இருந்தது.

அந்த ஏக்கம் 2023இல் தீர்ந்தது. கொழும்பைச் சேர்ந்த வஜ்ர சந்திரசேகர எழுதிய 'த செயிண்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்'. முதல் பக்கத்திலேயே ஒரு தாய், பிறந்த குழந்தையின் நிழலைப் பித்தளை ஆணி ஒன்றால் தரையில் அறைந்து, பிள்ளையிடமிருந்து பிய்த்து எடுக்கிறாள். நிழல் இல்லாத அந்தப் பிள்ளைக்குப் பூமியின் பிடிப்பும் சரியாக இல்லை, மிதக்கிறான். அவனுடைய தகப்பன், உலகம் வணங்கும் ஒரு மகான். தகப்பனைக் கொல்வதற்கென்றே தாய் அவனை வளர்க்கிறாள். பிறகு அவன் அதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு பெருநகரத்துக்கு வந்து சேர்கிறான். அங்கே பளிச்சென்று வர்ணம் பூசிய கதவுகள், யாராலும் திறக்க முடியாதவை.

புத்தர், அவர் மகன் ராகுலன் கதையின் நிழல் அதில் இருப்பது இங்கே வளர்ந்த எவருக்கும் உடனே விளங்கும். அடையாள அட்டை, சோதனை, முகாம், கும்பல் வன்முறை என்று நாவல் போகப்போக, நான் அடிக்கடி புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். எங்களுடைய கதையை ஒரு சிங்கள எழுத்தாளர் ஃபேண்டஸியாக எழுதி, அது எனக்குள் இவ்வளவு ஆழமாக இறங்கும் என்று நான் நினைக்கவில்லை. நெபுலா கிடைத்தது. அடுத்த நாவல் 'ரேக்ஸ்ஃபால்' 2025இல் அரைப்பக்கம் சொன்ன அதே லெ குவின் பரிசை வாங்கியது.

கடைசிவரிசை அண்ணாவுக்கு ஒரு செய்தி: இவரும் நாவலுக்கு முன் ஆங்கில இதழ்களில் சிறுகதை எழுதியவர், ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ் இதழில் கதைகளைத் தெரிவு செய்யும் ஆசிரியராகவும் இருந்தவர். உங்கள் வழி சரி.


இளவேனில்
ஞாயிறு, காலை 10.10

நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு. நீங்கள் எல்லோரும் சொல்வது ஆசையாக இருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் 400 பக்கம் என்றால் எனக்கு மூன்று மாதம் ஆகும். தமிழில் என்ன தேடலாம்? இன்னொன்று, ஏ.ஐ. செயலியிடம் கேட்டால் நிறைய சொல்கிறது. அதை நம்பலாமா?


கடைசிவரிசை
ஞாயிறு, காலை 11.25

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். கேளுங்கள், ஆனால் சரிபார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். 2025 மே மாதம் அமெரிக்க நாளிதழ் ஒன்றில் வந்த கோடைகால வாசிப்புப் பட்டியலில் 15 புத்தகங்களில் 10 உலகத்திலேயே இல்லாதவை. எழுத்தாளர்கள் மட்டும் உண்மை. எழுதியவர் ஏ.ஐ.யிடம் கேட்டதை அப்படியே போட்டுவிட்டார். ஆண்டி வீர் எழுதாத ஒரு அறிபுனை நாவலும் அதில் அவர் பெயரில் இருந்தது. இணைய அறிபுனைத் தரவுத்தளம் ஒன்று இருக்கிறது, ஐ.எஸ்.எஃப்.டி.பி. என்று தேடினால் வரும். எழுத்தாளர் பெயரைப் போட்டால் அவர் எழுதிய நாவல், சிறுகதை, எந்த இதழ், எந்த வருடம், தொடரில் எத்தனையாவது என்று எல்லாம் வரிசையாக வரும். இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தமிழுக்கு மற்றவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.


அரைப்பக்கம்
ஞாயிறு, பகல் 1.50

இளவேனில், சுஜாதாவிலிருந்து ஆரம்பிக்கலாம். 'என் இனிய இயந்திரா', அதன் தொடர்ச்சி 'மீண்டும் ஜீனோ' இரண்டும் வேகமாக ஓடும். ஆனால் அங்கேயே நின்றுவிட வேண்டாம். தமிழில் அறிபுனை என்றாலே சுஜாதாவோடு பேச்சு முடிந்துவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஜெயமோகனின் 'விசும்பு' தொகுப்பு, சித்த மருத்துவம், ரசவாதம், யோகம் என்று நம் மரபிலிருந்தே அறிவியல் கேள்விகளைக் கிளப்பும் கதைகள். தமிழ்மகனின் 'ஆபரேஷன் நோவா' விகடனில் தொடராக வந்த நாவல். இவற்றோடு 'அரூ' இணைய இதழ். அறிவியல் சிறுகதைப் போட்டி நடத்தி, புதியவர்களை எழுத வைத்தவர்கள். அங்கே இலவசமாகப் படிக்கலாம். கடைசிவரிசை கிளார்க்ஸ்வேர்ல்டில் செய்வதை நீங்கள் அரூவில் செய்யுங்கள். பிடித்த பெயரைக் குறித்துக்கொண்டு, ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சிக்குப் போகும்போது அந்தப் பெயரைக் கேளுங்கள்.

ஆங்கிலத்துக்கு வர நினைத்தால் குறுநாவலில் ஆரம்பியுங்கள். மார்த்தா வெல்ஸின் 'ஆல் சிஸ்டம்ஸ் ரெட்' 150 பக்கத்தைச் சுற்றித்தான். பாதுகாப்புக்காகச் செய்யப்பட்ட ஒரு இயந்திர மனிதன், தன்னைக் கட்டுப்படுத்தும் கருவியை உடைத்துவிட்டு, கிடைத்த சுதந்திரத்தில் செய்வது என்ன தெரியுமா? நாள் முழுக்கத் தொடர் நாடகம் பார்ப்பது. மொழி எளிமை, நீங்கள் ஒரு வாரத்தில் முடித்துவிடுவீர்கள்.


நூலகப்பூனை
ஞாயிறு, மாலை 5.30

விமர்சனம் படிப்பது பற்றி ஒன்று விட்டுப்போனது. ஐந்து நட்சத்திர விமர்சனங்களை நான் படிப்பதில்லை. இரண்டு நட்சத்திர விமர்சனங்களைத்தான் தேடிப் படிப்பேன். ஏன் பிடிக்கவில்லை என்று பொறுமையாக எழுதியிருப்பார்கள். அவர்களுக்குப் பிடிக்காத விஷயம் எனக்குப் பிடிக்கும் விஷயமாக இருந்தால் உடனே எடுத்துவிடுவேன்.

ஆன் லெக்கியின் 'ஆன்சிலரி ஜஸ்டிஸ்' அப்படிக் கிடைத்ததுதான். ஒரு காலத்தில் பெரும் போர்க்கப்பலாக, ஆயிரக்கணக்கான உடல்களில் ஒரே நேரத்தில் இருந்த அறிவு, இப்போது ஒற்றை உடலில் மாட்டிக்கொண்டு கதை சொல்கிறது. அந்தப் பேரரசின் மொழியில் ஆண்பால் பெண்பால் வேறுபாடு இல்லை, எல்லோரையும் 'அவள்' என்றே சொல்கிறது. 'யார் ஆண், யார் பெண் என்றே தெரியவில்லை, தலை சுற்றுகிறது' என்று புலம்பிய விமர்சனங்கள் நிறைய. எனக்கோ 'அவர் வந்தார், அவர் சொன்னார்' என்று தினமும் பேசும் மொழி. அலுவலகத்தில் ஒருவரைப் பற்றி அரை மணி நேரம் 'அவர்' என்றே பேசி, கடைசியில்தான் பெண் என்று தெரிந்த அனுபவம் நம் எல்லோருக்கும் உண்டுதானே. ஆங்கில வாசகரைத் தடுமாற வைத்த இடத்தில் நான் சுகமாக நடந்து போனேன். வைகைக்கரை, வேறு உடம்பு, வேறு மனம் என்ற உங்கள் கணக்கிலும் இது வரும். ஹியூகோ, நெபுலா, கிளார்க் மூன்றும் வாங்கிய நாவல் என்பதால் அரைப்பக்கத்துக்கும் மகிழ்ச்சி.

சராசரி மதிப்பெண் எனக்கு எதையும் சொல்வதில்லை. பாதிப் பேர் ஐந்தும் பாதிப் பேர் ஒன்றும் கொடுத்தால் சராசரி மூன்று. யாருக்குமே பெரிதாகப் பிடிக்காத புத்தகத்துக்கும் சராசரி மூன்று.


அரைப்பக்கம்
ஞாயிறு, மாலை 6.15

இது உண்மை. ஃபேண்டஸியில் இதற்குச் சரியான உதாரணம் இருக்கிறது. எழுத்தாளர் மார்க் லாரன்ஸ் 2015இல் சுயமாகப் பதிப்பித்த ஃபேண்டஸி நாவல்களுக்கு ஒரு போட்டி தொடங்கினார். முந்நூறு நாவல்கள், பத்து விமர்சகர் குழுக்கள், ஆளுக்கு முப்பது. ஒவ்வொரு குழுவும் ஒன்றை மேலே அனுப்பும். ஜோசையா பேன்கிராஃப்டின் 'சென்லின் அசெண்ட்ஸ்' 2016இல் அதில் கலந்துகொண்டு இறுதிச் சுற்றுக்கே வரவில்லை. ஆனால் லாரன்ஸ் அதைப் படித்துவிட்டு ஊரெல்லாம் சொன்னார். பிறகு பெரிய பதிப்பகம் எடுத்தது. தேனிலவுக்கு வந்த இடத்தில், பாபேல் கோபுரத்தின் அடிவாரச் சந்தையில் மனைவியைத் தொலைத்துவிட்ட ஒரு பள்ளித் தலைமையாசிரியர், தளம் தளமாக ஏறித் தேடும் கதை. குழு ஒதுக்கிய நாவலை ஒரு மனிதர் கையில் எடுத்துக்கொண்டு அலைந்ததால்தான் எனக்குக் கிடைத்தது.


தாமிரபரணி
ஞாயிறு, இரவு 9.05

கோபுரத்தில் மனைவியைத் தேடும் தலைமையாசிரியரா? நானும் 34 வருடம் ஆசிரியர். குறித்துக்கொண்டேன்.


வைகைக்கரை
ஐந்து வாரம் கழித்து, சனி, இரவு 11.40

எல்லோருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். இடையில் எழுதாததற்குக் காரணம், படித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் அந்த ஏழு நாவல்களையும் எடுத்து பஸ் டிக்கெட்டுகளை உருவிவிட்டு, நாலைத் தம்பியின் நண்பனுக்குக் கொடுத்துவிட்டேன். அவனுக்கு விண்வெளிப் போர் என்றால் உயிர். மூன்றை வைத்திருக்கிறேன், இன்னொரு தடவை பார்க்கலாம் என்று.

'த மவுண்டன் இன் த சீ' எட்டு நாளில் முடித்தேன். ஆக்டோபஸ் தன் தோலில் குறிகளை ஓட விடுவதும், அதை எதிரே நின்று பார்ப்பவர் இது எழுத்தா, பேச்சா, மிரட்டலா என்று தெரியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதும். அந்த இடம் வந்தபோது இங்கே மின்சாரம் போயிற்று. மொபைல் வெளிச்சத்தில் படித்தேன். அத்தியாயம் முடியும் வரை ஃபேன் இல்லாததே உறைக்கவில்லை. ஆனால் இயந்திரம் ஓட்டும் மீன்பிடிக் கப்பலில் அடிமைகளாக அடைபட்ட மனிதர்களின் பகுதியும் என்னை அதே அளவு பிடித்து வைத்தது. மனிதர் வரும் பக்கங்களைப் புரட்டிவிடுவேன் என்று உங்களிடம் சொன்னேன் அல்லவா? இதில் ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை. அதனால் என் ருசியைப் பற்றி நான் சொன்னதை இன்னும் கொஞ்சம் திருத்த வேண்டும் போலிருக்கிறது.

'சோலாரிஸ்' பாதியில் நிற்கிறது. கிரகத்தைப் பற்றிய ஆய்வு நூல்களை விவரிக்கும் பக்கங்கள் நீளம். ஐம்பது பக்கம் தாண்டிவிட்டேன், விட மனமில்லை, மெதுவாகப் போகிறது.

மதிய இடைவேளையில் சிறுகதை என்ற பழக்கமும் பிடித்துக்கொண்டது. குறிப்பேட்டில் இதுவரை ஐந்து பெயர்கள். அதில் இரண்டு பேர் இன்னும் நாவலே எழுதவில்லை, தரவுத்தளத்தில் பார்த்துவிட்டேன். காத்திருக்கிறேன்.

கொக்குவில்காரன், உங்கள் பதிவை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். இதுவரை ஃபேண்டஸி பக்கமே வராதவள். அந்த நிழலையும் ஆணியையும் கேட்டுவிட்டு 'அந்தப் புத்தகத்தை எனக்கு வாங்கு' என்றாள். நாளை மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் வாங்கப் போகிறேன்.


கொக்குவில்காரன்
ஞாயிறு, காலை 6.30

சந்தோசம் அண்ணா. அண்ணி வாசித்து முடித்ததும், அந்தக் கதவுகள் என்னவென்று அவர் நினைக்கிறார் என்று கட்டாயம் கேட்டு எழுதுங்கள். எனக்கு ஒரு எண்ணம் இருக்கிறது, இப்ப சொல்ல மாட்டேன்.


இளவேனில்
ஞாயிறு, காலை 8.15

'ஆல் சிஸ்டம்ஸ் ரெட்' முடித்தேன்! ஒன்பது நாள். அடுத்த பாகம் எது என்று தரவுத்தளத்தில் நானே பார்த்துக்கொண்டேன்.